வட்டத்துக்குள் ஒருவர்

ஒரே ஒரு விதியைச் சரிசெய்ய தமயந்திக்கு ஆறு வருடம் பிடித்தது.

அவள் உருவாக்கிய மேசை விளையாட்டின் பெயர் ‘சாம்பல் கோட்டை’. நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, பேசிப் பேசியே ஆடுவது. ஒருவர் மந்திரக்காரி, ஒருவர் கேடயம் தாங்கும் வீரன், ஒருவர் வில்லாளி, ஒருவர் வைத்தியர். எதிரே என்ன வருகிறது என்று தமயந்தி கதையாகச் சொல்வாள். என்ன செய்வது என்று அவர்கள் முடிவெடுப்பார்கள். மீதியைப் பகடை பார்த்துக்கொள்ளும்.

சிக்கல் மந்திரக்காரியிடம் இருந்தது. அவளிடம் இரண்டு மந்திரங்கள். ஈட்டி ஓர் எதிரியை மட்டும் தாக்கும். வட்டம் அந்த இடத்தில் நிற்கும் அத்தனை பேரையும் தாக்கும். முதல் பதிப்பில் எல்லோரும் வட்டத்தையே போட்டார்கள். கூட்டமாக வந்த பூதங்கள் ஒரே வீச்சில் சரிந்தன, மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். வட்டத்தின் பலத்தை மூன்றில் ஒன்றாகக் குறைத்தாள். அதற்கப்புறம் யாரும் அதைத் தொடவில்லை. பாதியாக்கிப் பார்த்தாள், ஆட்டத்துக்கு ஒருமுறைதான் என்று கட்டுப்பாடு வைத்துப் பார்த்தாள். எதுவும் சரிவரவில்லை. கடைசியில் பலத்தைப் பழையபடியே விட்டுவிட்டு ஒரு வரி சேர்த்தாள். வட்டம் ஆள் பார்க்காது. உள்ளே நம்மவர் நின்றால் அவருக்கும் அதே அடி விழும்.

அன்றைக்குத்தான் ஆட்டத்துக்கு உயிர் வந்தது. போடலாமா, வேண்டாமா என்று ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் திருச்சியில் அவள் வீட்டு மாடி அறை அதிர்ந்தது. ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் சேர்க்க உதாரணங்கள் வேண்டுமே என்று அந்தப் பேச்சையெல்லாம் ஒலிப்பதிவு செய்து வைத்தாள். நான்கு வருடப் பேச்சு.

‘தீயரண்’ என்ற நிறுவனம் கேட்டது அந்த ஒலிப்பதிவுகளைத்தான். நெரிசலான கடைவீதிகளில் தீயணைக்கும் இயந்திரம் ஒன்றை அவர்கள் செய்துகொண்டிருந்தார்கள். கூரையில் தண்டவாளம் போட்டு ஓடும். அதற்கும் இரண்டு வழிகள். குறுகிய நீர்த்தாரையால் ஒவ்வொரு நெருப்பாக அணைக்கலாம். யாருக்கும் ஆபத்தில்லை, ஆனால் நேரமாகும். அல்லது ஒரே ஓர் அதிர்வலையை வெடிக்கவிட்டு, பன்னிரண்டு மீட்டருக்குள் இருக்கும் எல்லா நெருப்பையும் நான்கு நொடியில் அணைக்கலாம். அந்தப் பரப்புக்குள் ஆள் இருந்தால் காது கிழியும், நுரையீரல் அடிபடும். நூறு பேரில் ஆறு பேர் பிழைக்க மாட்டார்கள்.

“நிஜத் தீயில முடிவெடுக்குறவங்க ஏன் எடுத்தோம்னு வாய்விட்டுச் சொல்றதில்ல மேடம்” என்றார் அந்த நிறுவனத்தின் பொறியாளர் பூவரசன். “உங்க மேசையிலதான் நாலு பேர் உக்காந்து ஒவ்வொரு தடவையும் காரணம் பேசியிருக்காங்க. இயந்திரத்துக்கு வேண்டியது அந்தக் காரணங்கதான்.”

தமயந்திக்குப் பெருமையாக இருந்தது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

இயந்திரம் முதன்முதலாக நகரத்தின் முத்தையா வணிக வளாகத்தில் ஓடத் தொடங்குவதற்கு ஐந்து நாள் முன்பு, ஒரு புதன்கிழமை காலை, மூடிக்கிடந்த அரிசி ஆலை ஒன்றில் சோதனை நடந்தது. பூவரசன் அவளை அழைத்திருந்தார். உள்ளே ஏழு இடங்களில் நெருப்பு மூட்டி, நடுவில் சட்டை வேட்டி கட்டிய பொம்மையை நிறுத்தினார்கள். இயந்திரம் கூரையில் ஓடி வந்து நின்றது. நீர்த்தாரையைப் பாய்ச்சி ஒவ்வொன்றாக அணைத்தது. எழுபத்திரண்டு நொடி. பொம்மைக்கு ஒன்றுமில்லை.

மறுபடி அதே ஏழு நெருப்பு. இந்த முறை பொம்மைக்குத் தலைக்கவசமும் மஞ்சள் மேலங்கியும் மாட்டினார்கள். இயந்திரம் நிற்கக்கூட இல்லை. வந்த வேகத்தில் அதிர்வலையை வெடிக்கவிட்டது. ஏழும் ஒன்றாக அணைந்தன. பொம்மை குப்புற விழுந்து கிடந்தது. அதன் மார்பில், பலத்த அடியைக் காட்டும் சிவப்பு விளக்கு எரிந்தது.

கூடியிருந்தவர்கள் கைதட்டினார்கள். தமயந்திக்குக் கை எழவில்லை.

“இந்தத் தடவை ஏன் யோசிக்கவே இல்ல?”

“தலைக்கவசம் போட்டிருக்காரே. மீட்புக்கு வந்தவர். அவர் சம்மதிப்பார்னு அதுக்குத் தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

பூவரசன் மடிக்கணினியைத் திறந்து ஒரு பதிவை ஓடவிட்டார். பகடை உருளும் சத்தம். மந்திரக்காரியாக ஆடும் பரிமளாவின் தயக்கம். அப்புறம் கேடயக்காரனாக ஆடும் சிக்கந்தரின் குரல்: “என்னைப் பாக்காத பரிமளா. போடு.”

“கேடயக்காரர் முந்நூத்திப் பத்தொன்பது தடவை வட்டத்துக்குள்ள மாட்டியிருக்கார். முந்நூத்திப் பன்னெண்டு தடவை போடச் சொல்லியிருக்கார். இதைவிடத் தெளிவா ஒரு பாடம் வேற எங்கயும் கிடைக்கல மேடம்.”

“அது விளையாட்டு. அடுத்த சுத்துலயே மருந்து குடுத்துடுவோம். காயம் ஆறிடும்.”

“தெரியும். ஆனா கணக்கு தப்பில்லையே. எழுபத்திரண்டு நொடியில நெருப்புக்கு அந்தப் பக்கம் மாட்டின பத்து பேர் போயிடுவாங்க. நாலு நொடியில ஒருத்தருக்கு அடிபடும். நீங்க அந்தப் பத்து பேர்ல ஒருத்தரா இருந்தா என்ன சொல்வீங்க?”

அவர் குரலில் திமிர் இல்லை. நிஜமாகவே கேட்டார். அதுதான் அவளைக் கலக்கியது.

“கவசம் போட்டவங்க மேல போடவே கூடாதுன்னு தடை வைக்க முடியாதா?”

“வெச்சா, ஒரு மீட்பு ஆள் உள்ள நுழைஞ்சதும் அதிர்வலையே கிடையாதுன்னு ஆயிடும். அப்புறம் எல்லாரும் உள்ள போகவே தயங்குவாங்க.” கொஞ்சம் யோசித்தார். “திங்கக்கிழமைக்குள்ள ஒண்ணு செய்யலாம். புதுசா ஆடிக் காட்டுங்க. அதே குரல், அதே ஆள். வேண்டாம்னு சொல்றதும் உண்டுன்னு அது கத்துக்கட்டும்.”

சிக்கந்தர் மேசைக்கு வருவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை நேரம் மாறிவிட்டது என்று சொல்லியிருந்தான். தென்னூர்ப் பக்கம் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவன். வியாழக்கிழமை மதியம் தமயந்தி அங்கே போனாள். பேருந்தில் ஒரு சைரன் சத்தம் கேட்டபோது, இன்னும் பொருத்தப்படாத அந்த இயந்திரம் எங்கோ அதிர்வலையை விட்டுவிட்டதைப் போல அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதையெல்லாம் சிக்கந்தர் நின்றபடியே கேட்டான்.

“நான் வேண்டாம்னு சொன்ன ஏழு தடவை எதுன்னு ஞாபகம் இருக்காக்கா?”

“இல்லப்பா.”

“எல்லாமே முதல் மாசத்துல. எனக்கு இந்த ஊர்ல அப்ப உங்க நாலு பேரைத் தவிர யாரையும் தெரியாது. ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னதும் பரிமளா பெருமூச்சு விடும். நீங்க, சரி, அப்ப ஆட்டம் நீளும்னு கடிகாரத்தைப் பார்ப்பீங்க. அடுத்த வாரம் கூப்பிடுவீங்களான்னு சந்தேகமா இருக்கும். போடுன்னு சொன்னா எல்லாரும் சிரிச்சீங்க. முதுகுல தட்டுனீங்க.”

தமயந்தி தன் கைக்கடிகாரத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

“மத்தவங்களுக்கு அது விளையாட்டு. எனக்கும் விளையாட்டுதான். ஆனா நாலு வருஷம் ஞாயித்துக்கிழமையானா நான்தான் அடி வாங்கணும். ஒருநாள்கூட யாரும் நிஜமாக் கேக்கல. என் மூஞ்சியப் பார்த்துட்டு, நான் சொல்லட்டும்னு காத்திருப்பீங்க. அதுக்குப் பேரு கேக்குறதா?”

“அதனாலதான் நின்னுட்டியா?”

“வேலை நேரமும் மாறுச்சு” என்றான். பிறகு கையுறையைக் கழற்றினான். “வர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. வேண்டாம், வேண்டாம்னு சும்மா சொல்லிட்டுப் போக மாட்டேன். அது பொய்யான பாடம். வழக்கம்போல ஆடுவேன். வாயில என்ன வருதோ அதைச் சொல்வேன். ஒவ்வொரு தடவையும் என் மனசுல இருந்ததை ஒரு சீட்டுல எழுதி மடிச்சுப் போடுவேன். குரலையும் சீட்டையும் சேர்த்து அதுக்குக் குடுங்க.”

சனியும் ஞாயிறும் பகல் முழுக்க ஆடினார்கள். பூவரசன் மூலையில் ஒலிவாங்கியோடு உட்கார்ந்திருந்தார். தமயந்தி வேண்டுமென்றே சிக்கந்தரை மீண்டும் மீண்டும் வட்டத்துக்குள் மாட்டவைத்தாள். அது கதை சொல்வதாகவே இல்லை. ஒருவனைப் பிடித்துத் திரும்பத் திரும்பக் கிணற்றில் தள்ளுவது போல இருந்தது.

ஞாயிறு சாயங்காலம் சீட்டுகளைப் பிரித்தார்கள். சிக்கந்தர் வட்டத்துக்குள் மாட்டியது நாற்பத்தோரு முறை. இருபத்தொன்பது முறை ‘போடு’ என்று சொல்லியிருந்தான். அதை மனதாரச் சொன்னதாகச் சீட்டில் இருந்தது மூன்று முறை.

பரிமளா சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “முகத்துக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல” என்றாள்.

“சொல்ற மாதிரி யாரும் கேக்கல” என்றான் சிக்கந்தர். அவள் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குப் பூவரசன் தொலைபேசியில் கூப்பிட்டார். மறுபடி சோதித்தார்களாம். கவசம் போட்ட பொம்மையைப் பார்த்ததும் இயந்திரம் நின்றது. பொம்மையின் தலைக்கவசத்துக்குள் இருந்த ஒலிபெருக்கியில் மட்டும், வெளியே யாருக்கும் கேட்காதபடி, ஒரு கேள்வி கேட்டது. “உங்கள் மேல் படும். போடவா?”

“நாங்க அதைக் கேக்கச் சொல்லல மேடம். தானா கேக்குது. பதிலுக்காக ரெண்டு நொடி காத்திருக்குது.”

தமயந்தி ஆறுதலாக மூச்சு விட்டாள். அது அதிக நாள் நீடிக்கவில்லை. முத்தையா வளாகத்தில் இயந்திரம் ஓடத் தொடங்கிய நாளிலிருந்து, தெருவில் தீயணைப்பு வண்டி போனால் அது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று மாடியிலிருந்து பார்ப்பாள். வளாகத்துக்குத் துணி எடுக்கப் போனவள் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு குழந்தை மேல் மோதினாள். சிக்கந்தருக்கு வாரம் ஒருமுறை போன் செய்தாள். இருவரும் வேறு எதையாவது பேசுவார்கள்.

ஐந்தாவது மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, வளாகத்தின் முதல் மாடியில் தீப்பிடித்தது.

வியாபாரிகள் அமைத்திருந்த தீக்காப்புக் குழுவில் எட்வின் என்ற இருபத்தாறு வயதுக்காரன் முதலில் ஓடி உள்ளே நுழைந்தான். நடைபாதையின் இரண்டு பக்கமும் துணிக்கடைகள் எரிந்தன. கடைசிக் கடையில், அதிர்வலையின் வட்டம் எட்டாத தூரத்தில், தையல்காரி ஜெயசீலி சிக்கியிருந்தாள். நடுவில் எரிகிற நெருப்பு அணைந்தால் அவளே நடந்து வெளியே வந்துவிடலாம். எட்வின் நின்றது நெருப்பின் மத்தியில். இயந்திரம் அவன் தலைக்கவசத்துக்குள் கேட்டது. அவன் “போடுங்க” என்றான்.

இயந்திரம் போடவில்லை. நீர்த்தாரையைப் பாய்ச்சியது. எண்பத்தாறு நொடி ஆயிற்று. அதற்குள் நெருப்பு கடைசிக் கடைக்குப் போய்விட்டது. காய்ந்து சிவந்திருந்த இரும்புக் கதவை ஜெயசீலி வலது கையால் தள்ளித் திறந்துகொண்டு வந்தாள். உயிர் தப்பியது. கை தப்பவில்லை. அந்த விரல்கள் இனி மடங்காது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள்.

ஒலிப்பதிவு வெளியே கசிந்தது. மறுநாள் ஊர் முழுக்க எட்வினின் குரல். “போடுங்க.” உயிரையே கொடுக்கத் துணிந்தவனின் சொல்லை இயந்திரம் மதிக்கவில்லை என்று தலையங்கம் எழுதினார்கள். வளாகத்து வாசலில் அவனுக்கு மாலை போட்டார்கள். தீயரண் நிறுவனம் பழுது என்று அறிவித்து, பழைய வடிவத்துக்கே திரும்பப்போவதாகச் சொன்னது. பழைய வடிவம் கேள்வி கேட்காது.

பூவரசன் நேரில் வந்தார். முகம் வெளிறியிருந்தது.

“பழுது இல்ல மேடம். கேட்டுச்சு, பதிலும் புரிஞ்சுது. ‘சொல்கிறார், மனம் ஒப்பவில்லை’ன்னு குறிப்பு எழுதியிருக்கு. அதனால போடல. சிக்கந்தரோட சீட்டுகள்லேருந்து கத்துக்கிட்டது.”

“வெளிய சொல்லிட்டீங்களா?”

“எப்படிச் சொல்றது? அந்தப் பையன் பயந்தான், அதனாலதான் அந்தம்மாவுக்குக் கை போச்சுன்னு ஆகாதா? அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணை. விளையாட்டை உருவாக்கினவங்கன்னு உங்களையும் கூப்பிடுவாங்க.”

விசாரணைக்கு முந்தின நாள் காலை எட்வின் அவள் வீட்டு வாசலில் நின்றான். மாலையும் மரியாதையும் வாங்கியவன் முகமாக அது இல்லை. கண்கள் உள்ளே போயிருந்தன. உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

“மேடம், அந்த மெஷின்ல பழுதுன்னு சொல்றாங்க. பழுதுதானா?”

ஆமாம் என்று சொன்னால் இவன் நிம்மதியாகத் திரும்பிப் போவான். நாளைக்கும் அதையே சொல்லலாம். அதன்பிறகு எந்தக் கடைவீதியிலும் இயந்திரம் யாரையும் எதுவும் கேட்காது.

“நீ என்ன நினைக்கிற?” என்றாள்.

“எல்லார்கிட்டயும் நிஜமாத்தான் சொன்னேன்னு சொல்லிட்டேன். அம்மாகிட்டயும்.” அவன் குரல் தேய்ந்தது. “சொல்லும்போது மனசுக்குள்ள, போட்டுடாத, போட்டுடாதன்னு ஓடிச்சு மேடம். அது எப்படி அதுக்குக் கேட்டுச்சு?”

“இதே மாதிரி ஒருத்தர் நாலு வருஷம் என் எதிர்ல உக்காந்து சொன்னார். எனக்கு அது கேக்கல. அதுக்குக் கேட்டுச்சு.”

அவன் படியிறங்கப் போய்த் திரும்பினான். “நாளைக்கு நீங்க என்ன சொல்வீங்க?”

“பழுது இல்லைன்னு சொல்லணும். ஆனா ஏன்னு கேப்பாங்க. உன் மனசுல இருந்தது உன்னோடது. அதை நான் எடுத்துச் சொல்ல முடியாது.”

தலையை ஆட்டிவிட்டு அவன் போனான். அவன் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள். நாளை அவன் வருவானா, இல்லை ஊரைவிட்டே போய்விடுவானா என்று அன்று முழுவதும் அவளுக்கு வேறு நினைப்பில்லை.

விசாரணை வியாபாரிகள் சங்கக் கூடத்தில் நடந்தது. முன்வரிசையில் ஜெயசீலி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். கட்டுப்போட்ட கையை ஒரு தலையணை மேல் வைத்திருந்தாள். தலைவராக இருந்த ஓய்வுபெற்ற நீதிபதி தமயந்தியைக் கேட்டார்.

“சொன்னதை இயந்திரம் கேட்கவில்லை. இது பழுதுதானே?”

“இல்லை ஐயா” என்றாள். கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது.

“பின்னே ஏன் போடவில்லை?”

இரண்டு நொடி போயிருக்கும். பின்வரிசையில் நாற்காலி நகரும் சத்தம்.

“அதை நான் சொல்றேன் ஐயா.” எட்வின் எழுந்து நின்றான். முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். “நான் வாயால போடுங்கன்னு சொன்னேன். மனசால சொல்லல. எனக்குப் பயமா இருந்துச்சு. கவசத்தைப் போட்டுக்கிட்டு வேண்டாம்னு சொல்ல வாய் வரல. அது சரியாத்தான் புரிஞ்சுக்கிச்சு. மெஷின் மேல தப்பில்ல.”

தீயரண் நிறுவனத்து வழக்கறிஞர் எழுதுவதை நிறுத்தியிருந்தார். எட்வின் மெல்ல நடந்து முன்வரிசைக்கு வந்து ஜெயசீலியின் எதிரில் நின்றான்.

“அக்கா, என்னாலதான். மன்னிச்சிடுங்க.”

அவள் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். அடித்துவிடுவாளோ, அழுதுவிடுவாளோ என்று தமயந்தி பயந்தாள். ஜெயசீலி இரண்டையும் செய்யவில்லை. இடது கையால் அவன் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள்.

“உன்னைக் குத்தம் சொல்ல மாட்டேன் தம்பி. உன் உயிர் மேல உனக்கு ஆசை இருக்காதா? நீ வேண்டாம்னு வெளிப்படையாச் சொல்லியிருந்தாலும் நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்.”

நீதிபதி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜெயசீலி அவர் பக்கம் திரும்பவில்லை. தமயந்தியைப் பார்த்தாள்.

“அம்மா, இந்த மெஷினுக்குச் சொல்லிக் குடுத்தது நீங்கதான்னு சொன்னாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும். போட்டா அடிபடுற ஆளை நின்னு கேட்டுச்சு, சரி. அவன் மனசுல இருந்ததுகூட அதுக்குக் கேட்டுச்சு. நான் அந்தக் கடைக்கோடியில நின்னு கத்திக்கிட்டிருந்தேன். போடலன்னா எனக்கு என்ன ஆகும்னு என்னை ஏம்மா அது கேக்கல?”

தமயந்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நான்கு வருடப் பேச்சில், வட்டத்துக்கு வெளியே நின்ற ஒருவரையாவது அந்த மேசையில் யாராவது கேட்டிருக்கிறார்களா என்று தேடினாள். ஒரு தடவைகூட இல்லை.

கூடத்தில் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.